பழைய ஆம்ப்ளிஃபயருக்குள் ஒரு கணினி: மின்கழிவிலிருந்து கேஸ் செய்வது எப்படி

கணினிக் கேஸைக் கையால் செய்பவர் அளவு பிசகாமல் பார்த்துக்கொள்ள வேண்டிய இடம் பின்பக்கம். மதர்போர்டின் யுஎஸ்பி, எச்டிஎம்ஐ, நெட்வொர்க் வாய்கள் வெளியே தெரியும் திறப்பு 158.75 மி.மீ. அகலம், 44.45 மி.மீ. உயரம். அதை ஒட்டிக் கிராஃபிக்ஸ் கார்டுக்கான ஸ்லாட்டுகள் 20.32 மி.மீ. இடைவெளியில் வரிசையாக வரும். இவை இரண்டும் மதர்போர்டு உட்காரும் தட்டுக்குச் சரியான உயரத்தில், சரியான கோணத்தில் இருக்க வேண்டும். ஒரு மில்லிமீட்டர் தவறினால் கார்டு சாய்ந்து உட்காரும், கேபிள் பாதி செருகி நிற்கும், நாளடைவில் ஸ்லாட்டே தளர்ந்துவிடும். மற்றப் பக்கங்களில் அரை சென்டிமீட்டர் கூடக்குறைய இருந்தாலும் யாருக்கும் தெரியாது.

ஆகவே பின்பக்கத்தை நீங்களே அளந்து வெட்டி உருவாக்க முனையாதீர்கள். தூக்கிப் போடப்பட்ட பழைய டவர் கேஸ் ஒன்றிலிருந்து, மதர்போர்டு தட்டோடு சேர்த்து ஒரே துண்டாக அறுத்து எடுங்கள். மதர்போர்டு, கேஸ், பவர் சப்ளை ஒன்றுக்கொன்று பொருந்த அளவுகளை வரையறுக்கும் ஏடிஎக்ஸ் தரம் இன்டெல் 1995-ல் வெளியிட்டது. பின்பக்கத் திறப்பு, ஸ்லாட் இடைவெளி, திருகுத் துளைகளின் இடம் மூன்றும் அன்றிலிருந்து மாறவில்லை. இருபது ஆண்டு பழைய கேஸின் முதுகில் இந்த ஆண்டு வாங்கிய போர்டு அப்படியே உட்காரும். கணினித் துறையில் இவ்வளவு காலம் தாக்குப்பிடித்த அளவு அபூர்வம். பழைய பொருளில் புதுக் கேஸ் செய்ய முடிவதே இதனால்தான்.

வெளிக்கூட்டுக்குப் பழைய ஹைஃபை ஆம்ப்ளிஃபயர் அல்லது டிவியையும் ஸ்பீக்கர்களையும் இணைக்கும் ஏவி ரிசீவரைப் பரிந்துரைக்கிறோம். கணக்கு எளிது. ஹைஃபை சாதனங்கள் பெரும்பாலும் 430 மி.மீ. அகலம். மைக்ரோ ஏடிஎக்ஸ் போர்டு 244 மி.மீ. சதுரம், சாதாரண ஏடிஎக்ஸ் பவர் சப்ளை 150 மி.மீ. அகலம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் 394. மிச்சம் 36 மி.மீ., பக்கச் சுவர்களுக்கும் கேபிளுக்கும் போதும். உயரத்தைத்தான் கவனிக்க வேண்டும். முழு உயரக் கார்டு போட உள்ளே 140 மி.மீ.யாவது தேவை. மேல்விளிம்பில் பவர் கேபிள் செருகும் கிராஃபிக்ஸ் கார்டு என்றால் 160-க்கு மேல் வேண்டும். ஏவி ரிசீவர்களில் பெரியவை இதைத் தாங்கும். டிவிடி பிளேயர், விசிஆர் கூடுகள் பார்க்க அழகாக இருந்தாலும் இதற்குத் தட்டை. அவற்றில் 170 மி.மீ. சதுரமான மினி ஐடிஎக்ஸ் போர்டும் மெல்லிய கூலரும் மட்டுமே அடங்கும்.

ரிசீவர் கூட்டின் மேல்மூடியில் வெப்பம் வெளியேறுவதற்கென்றே பிளவுகள் வெட்டியிருக்கும். அடிக்காலும் 15 முதல் 20 மி.மீ. உயரம் இருக்கும். காற்று அடியில் நுழைந்து மேலே போக வழி ஏற்கனவே இருக்கிறது என்பதால் பாதி வேலை மிச்சம்.

சிங்கப்பூரில் இப்படிப்பட்ட பொருள் எங்கே கிடைக்கும்? சுங்கை ரோடு திருட்டுச் சந்தை 2017 ஜூலை 10-ஆம் தேதியோடு மூடப்பட்ட பிறகு தெருவில் பரப்பி வைத்த ரேடியோக் குவியல்களைப் பார்க்க முடிவதில்லை. இப்போது கேரோசெல் இணையச் சந்தையில் ‘ஃபால்ட்டி’, ‘நாட் வொர்க்கிங்’ என்று தேடுங்கள். ஓடாத ரிசீவரை எடுத்துக்கொண்டு போனால் போதும் என்று சொல்பவர்கள் நிறையப் பேர். புளோக்குக்கு வந்து பழைய சாமான் வாங்கும் கரங் கூனிக்காரரிடம் முன்கூட்டியே சொல்லி வைத்தால் ஒதுக்கி வைப்பார். பழைய டவர் கேஸ் வேண்டுமானால் அலுவலகம் காலி செய்பவர்களைக் கேட்கலாம். திருகு, ஸ்விட்ச், கனெக்டர் போன்ற சில்லறைச் சாமான்களுக்கு சிம் லிம் டவர், கணினி உதிரிகளுக்குப் பக்கத்திலேயே சிம் லிம் ஸ்குவேர். இரண்டும் தேக்காவிலிருந்து நடக்கும் தூரம்தான். உங்களிடம் வெட்டும் கருவி இல்லாவிட்டாலும், ஸ்விட்ச் பிடிப்பான், கேபிள் கிளிப் போன்ற சிறு துண்டுகளைத் தேசிய நூலக வாரியத்தின் ‘மேக்ஐடி’ கூடங்களில் முப்பரிமாண அச்சில் செய்துகொள்ளலாம்.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள். மின்கழிவுத் தொட்டிகளிலிருந்து எதையும் எடுக்கக் கூடாது. தொட்டிக்குள் போன பொருள் சேகரிப்பாளருக்குரியது. நாட்டில் ஆண்டுக்குச் சுமார் 60,000 டன் மின்கழிவு சேர்கிறது என்பது தேசியச் சுற்றுப்புற வாரியத்தின் கணக்கு. 2021 ஜூலை 1 முதல் அதைத் திரட்டி மறுசுழற்சி செய்யும் பொறுப்பு தயாரிப்பாளர்கள் மேல் சட்டப்படி வந்திருக்கிறது. அந்த ஏற்பாடு சரியாக நடக்கட்டும். நம் வேலை, பொருள் தொட்டிக்குப் போவதற்கு முன்னால் அதன் உரிமையாளரிடம் கேட்டு வாங்குவது.

வாங்கிய பொருளை வீட்டுக்குள் கொண்டுபோகும் முன் வெள்ளைத்துணி விரித்துத் தட்டிப் பாருங்கள். கரப்பான் பூச்சிகளுக்கு வெதுவெதுப்பான ரிசீவர் உட்புறம் பிடித்தமான இடம். அவரை விதை போல் பழுப்பாக, விளிம்பில் தையல் போட்டது மாதிரி ஒரு முட்டைக்கூடு டிரான்ஸ்ஃபார்மர் இடுக்கில் ஒட்டியிருந்தால் சுரண்டி எடுத்து அழித்துவிட்டுத்தான் உள்ளே கொண்டுபோக வேண்டும். இதைச் சின்ன விஷயம் என்று விட்டுவிட்டால் சமையலறை வரை போகும்.

திறக்கவே கூடாத பொருள்களும் உண்டு. மைக்ரோவேவ் அடுப்பின் உயர் மின்னழுத்தக் கெப்பாசிட்டர் ஆளைக் கொல்லும். பழைய கண்ணாடிக் குழாய் டிவியும் அப்படியே, அதோடு அதன் கண்ணாடியில் ஈயமும் உண்டு. கணினிப் பவர் சப்ளையின் பெட்டியையும் திறக்காதீர்கள். நம் 230 வோல்ட் மின்சாரத்தை அது உள்ளே சுமார் 325 வோல்ட் நேர்மின்னாக்கிச் சேமிக்கிறது, பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அது கொஞ்ச நேரம் இருக்கும். உப்பிய லித்தியம் பேட்டரியை அழுத்தவோ துளைக்கவோ கூடாது. எல்இடி வருவதற்கு முந்தைய எல்சிடி மானிட்டரில் பின்விளக்கு பாதரசம் கொண்ட மெல்லிய குழல். அதை உடைக்காமல் கழற்றத் தெரிந்தால் மட்டும் தொடுங்கள்.

ரிசீவரிலும் மின்சாரம் தேங்கியிருக்கும். டிரான்ஸ்ஃபார்மர் பக்கத்தில் கட்டை விரலை விடப் பருத்த இரண்டு கெப்பாசிட்டர்கள் நிற்கும், 10,000 மைக்ரோஃபாரட் அளவில், 50 முதல் 80 வோல்ட் தாங்கக்கூடியவை. பிளக்கைப் பிடுங்கி வைத்துவிட்டு 220 ஓம், 10 வாட் ரெசிஸ்டர் ஒன்றின் இரு கால்களையும் காப்பிட்ட கிளிப்பால் பிடித்து, ஒவ்வொரு கெப்பாசிட்டரின் முனைகளிலும் 15 விநாடி வைத்திருங்கள். பிறகு மல்டிமீட்டரில் பாருங்கள். 5 வோல்ட்டுக்குக் கீழே வந்த பிறகுதான் கையை உள்ளே விட வேண்டும். ஸ்க்ரூடிரைவரைக் குறுக்கே வைத்து ‘டப்’ என்று காலி செய்யும் பழக்கம் சிலரிடம் உண்டு. அதில் உலோகம் உருகித் தெறிக்கும், கண்ணுக்கு ஆபத்து. அதைப் பின்பற்ற வேண்டாம்.

உள்ளேயிருந்து டிரான்ஸ்ஃபார்மர், போர்டுகள், ஹீட்சிங்க் எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். திருகுகளை அளவு வாரியாகத் தனித்தனி டப்பாவில் போடுங்கள். முன்முகப்பு, குமிழ்கள், பவர் ஸ்விட்ச், அடிக்கால், மேல்மூடி இவை தேவை. மின்சாரம் உள்ளே வரும் பழைய வயரும் ஃபியூஸ் போர்டும் தேவையில்லை. சுவர் மின்சாரத்தைப் பழைய வயரில் மறுபடி ஓடவிடுவதை நாங்கள் எந்தச் சூழ்நிலையிலும் ஏற்க மாட்டோம்.

இனி டவர் கேஸை அறுப்பது. 2000-களின் கேஸ்கள் சிலவற்றில் மதர்போர்டு தட்டும் பின்முகமும் சேர்ந்து ஒரே ‘எல்’ வடிவமாக வெளியே இழுக்க வரும். அப்படி ஒன்று அகப்பட்டால் விடாதீர்கள், அறுக்கும் வேலையே இல்லை. மற்றவற்றில் தட்டும் பின்முகமும் ரிவெட்டால் இணைந்திருக்கும். அந்த இணைப்பைத் தொடாமல், பின்முகத்தில் திறப்பையும் நான்கு ஸ்லாட்டுகளையும் சுற்றி 15 மி.மீ. விளிம்பு விட்டுக் கோடு போடுங்கள். தட்டில் பின்விளிம்பிலிருந்து 260 மி.மீ. வரை வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தத் தகடு 0.6 முதல் 0.8 மி.மீ. தடிப்பு. ஹாக்ஸா பிளேடில் அங்குலத்துக்கு 32 பல் உள்ளதை வாங்குங்கள். அப்போதும் ஒரு பல்லுக்கும் அடுத்ததற்கும் இடைவெளி ஏறக்குறையத் தகட்டின் தடிப்பளவே இருக்கும். அதனால் பல் சிக்கிக்கொண்டு தகடு அதிரும், நெளியும். தகட்டை இரண்டு 3 மி.மீ. பிளைவுட் துண்டுகளுக்கு நடுவே வைத்து, கிளாம்ப் போட்டு, மரத்தோடு சேர்த்தே அறுங்கள். கோடு நேராக வரும், சத்தமும் பாதியாகக் குறையும். தகரக் கத்தரிக்கோலால் வெட்டினால் விளிம்பு அலைபோல் சுருளும். கோட்டிலிருந்து 10 மி.மீ. தள்ளிக் கழிவுப் பக்கத்தில் மட்டும் அதைப் பயன்படுத்தி, மிச்சத்தை அரத்தால் தேய்த்துக் கொண்டுவாருங்கள். வெட்டிய விளிம்பு சவரபிளேடு போல் கூர்மை. கையுறை கட்டாயம், விளிம்பு முழுவதையும் அரத்தால் ஒருமுறை மழுக்கிவிடுவதும் கட்டாயம்.

வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் இருப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. ஞாயிற்றுக்கிழமையும் பொது விடுமுறை நாளும் துளையிடும், அறுக்கும் வேலை வைத்துக்கொள்ளாதீர்கள். பக்கத்து வீட்டுக்காரரிடம் முதல்நாளே ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். நடைபாதையில் சாமானைப் பரப்பினால் குடிமைத் தற்காப்புப் படை கேட்கும் 1.2 மீட்டர் வழி அடைபடும். ஸ்ப்ரே பெயிண்ட் அடிப்பதற்கும் அது இடமல்ல.

ரிசீவரின் பின்சுவரில், அறுத்த துண்டை வைத்துப் பென்சிலால் சுற்றி வரைந்து, அந்தக் கோட்டிலிருந்து 10 மி.மீ. உள்ளே தள்ளி வெட்டுங்கள். அந்த 10 மி.மீ. மேல்தான் நம் துண்டு உள்பக்கமிருந்து ஒட்டி உட்காரும். 3.3 மி.மீ. டிரில்லால் துளையிட்டு 3.2 மி.மீ. பாப் ரிவெட் அடிக்கலாம், 60 மி.மீ.க்கு ஒன்று போதும். அடிப்பதற்கு முன் நான்கு மூலைகளையும் திருகும் நட்டும் போட்டுத் தற்காலிகமாகப் பிடித்து, மதர்போர்டை வைத்து, ஒரு பழைய கார்டைச் செருகிப் பாருங்கள். ரிவெட் அடித்த பிறகு சரிசெய்ய வேண்டுமானால் ஒவ்வொன்றாக டிரில் போட்டுத்தான் எடுக்க வேண்டும். ரிசீவர் அடித்தட்டில் அழுத்திய மேடுகளும் நீட்டிக்கொண்டிருக்கும் பழைய தாங்கிகளும் இருக்கும். அவற்றைத் தட்டையாக்காமல் நம் தட்டை மேலே வைத்தால் அது ஆடும்.

ஒரே துண்டாக எடுக்கத் தட்டு எதுவும் கிடைக்காமல், மினி ஐடிஎக்ஸ் போர்டை நேரடியாக அடித்தட்டில் ஏற்றுபவர்கள் கவனிக்க: அதன் நான்கு துளைகளும் செவ்வகமாக இல்லை. பின்விளிம்பை ஒட்டிய இரண்டில் ஒன்று மற்றதைவிட 22.86 மி.மீ. உள்ளே தள்ளியிருக்கும். அகலவாட்டில் இடைவெளி 157.48 மி.மீ. ஆழவாட்டில் ஒரு பக்கம் 154.94, மறுபக்கம் 132.08. செவ்வகம் என்று நினைத்து நான்கையும் துளைத்தவர்கள் நான்காவதில் மாட்டிக்கொள்கிறார்கள். வெறும் போர்டைக் காகிதத்தில் வைத்துக் கூர்பென்சிலால் துளைகளைக் குறித்து, அந்தக் காகிதத்தைத் தகட்டில் ஒட்டித் துளையிடுவதே பாதுகாப்பு.

போர்டுக்கும் தட்டுக்கும் நடுவே பித்தளைத் தாங்கிகள் வேண்டும், உயரம் 6.4 மி.மீ.க்குக் குறையக் கூடாது. போர்டில் துளை இல்லாத இடத்தில் தாங்கி நின்றால் அடியில் உள்ள சால்டர் முனையைத் தொட்டு ஷார்ட் ஆகும். எண்ணிப் பார்த்து மிச்சத்தைக் கழற்றுங்கள். திருகுகளில் இரண்டு இனம் உண்டு. பவர் சப்ளைக்கும் 3.5 அங்குல ஹார்ட் டிஸ்க்குக்கும் கரடுமுரடான மரை கொண்ட 6-32. எஸ்எஸ்டிக்கும் டிவிடி டிரைவுக்கும் நுண்மரை எம்3. ஒன்றை மற்றதில் திருகினால் இரண்டு சுற்று சுலபமாகப் போகும், அதன் பிறகு மரை நாசம். கையாலேயே நான்கு சுற்று ஏறாத திருகை ஸ்க்ரூடிரைவரால் வற்புறுத்தாதீர்கள்.

உலோகத்தூள் இந்த வேலையில் பெரிய எதிரி. போர்டு உள்ளே இருக்கும்போது டிரில்லோ அரமோ தொடவே கூடாது. காந்தத்தைப் பிளாஸ்டிக் பைக்குள் வைத்துத் தடவினால் இரும்புத்தூள் ஒட்டிக்கொள்ளும், பையை உள்புறம் வெளியாகத் திருப்பினால் எல்லாம் பைக்குள். பழைய ஹார்ட் டிஸ்க்கைப் பிரித்தால் கிடைக்கும் காந்தம் இதற்கு அருமை. அலுமினியத்தூள் காந்தத்தில் ஒட்டாது. ஒட்டும் டேப்பால் ஒற்றி எடுத்து, பிறகு ஈரத்துணியால் துடைக்க வேண்டும்.

இனி எர்த். எங்கள் பார்வையில் இந்த வகைக் கேஸ்களில் அதிகம் தவறுவது இங்கேதான். கடையில் வாங்கும் கேஸ் முழுவதும் ஒரே உலோக உடம்பு. நாம் செய்வது நாலைந்து சாதனங்களின் துண்டுகள். ஒவ்வொன்றிலும் பெயிண்ட், வார்னிஷ், ஆனோடைஸ் பூச்சு. ஹைஃபை முன்முகப்பின் அழகான அலுமினியம் பெரும்பாலும் ஆனோடைஸ் செய்தது, அந்தப் பூச்சு மின்சாரத்தைக் கடத்தாது. திருகு போட்டு இறுக்கினாலும் அந்தப் பலகை மின்னியல்படி தனித்தே நிற்கும். உள்ளே ஏதாவது வயர் கழன்று அதைத் தொட்டால் எர்த்துக்குப் போக வழியில்லை, தொடுபவர் கைதான் வழி.

ஒவ்வொரு பலகையின் உள்பக்கத்திலும் ஒரு திருகுத் துளையைச் சுற்றிப் பூச்சை வெறும் உலோகம் தெரியும்வரை சுரண்டுங்கள். பல் வைத்த ஸ்டார் வாஷர் போட்டு, வளைய முனை கிரிம்ப் செய்த பச்சை-மஞ்சள் வயரால் எல்லாப் பலகைகளையும் அடித்தட்டில் ஒரே புள்ளியில் சேருங்கள். பவர் சப்ளை பொருந்தும் இடத்திலும் பெயிண்ட் இருந்தால் சுரண்ட வேண்டும். பிறகு சோதனை. சுவரிலிருந்து பிடுங்கிய நிலையில், பவர் சப்ளை வயரின் மூன்று முள் பிளக்கில் நீளமான முள்தான் எர்த். மல்டிமீட்டரின் ஒரு முனையை அதிலும் மறுமுனையை ஒவ்வொரு பலகையின் திருகுத் தலையிலும் வையுங்கள். ஒரு ஓமுக்குக் கீழே காட்ட வேண்டும். மீட்டர் வயர்களே 0.2, 0.3 ஓம் காட்டும், அதைக் கழித்துக்கொள்ளலாம். ஒரு பலகை மட்டும் ஏறி இறங்கும் எண் காட்டினால் அங்கே இன்னும் பூச்சு இருக்கிறது.

பவர் சப்ளையை மட்டும் புதிதாக வாங்குங்கள். பத்தாண்டு பழைய பவர் சப்ளையில் கெப்பாசிட்டர்கள் காய்ந்திருக்கும். அது போகும்போது போர்டையும் கூட்டிக்கொண்டு போக வாய்ப்புண்டு.

முன்முகப்பின் பழைய பவர் பட்டனை அழுத்தும் சுகத்துக்காகவே பலர் ரிசீவரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அதில் ஒரு சிக்கல் இருக்கிறது. ஆம்ப்ளிஃபயர் பட்டன் பல சமயம் அழுத்தினால் உள்ளே நின்றுவிடும் வகை. மதர்போர்டுக்கு வேண்டியது தொட்டதும் திரும்பிவரும் வகை. நின்றுவிடும் பட்டனை அப்படியே இணைத்தால் கணினி உயிர்பெற்று, நான்கு விநாடியில் அணைந்துவிடும். பட்டனை யாரோ விடாமல் பிடித்திருப்பதாக போர்டு புரிந்துகொள்கிறது. போர்டு பழுது என்று நினைத்து மாற்றியவர்கள்கூட உண்டு. சரிசெய்வது எளிது. ஸ்விட்சின் பக்கவாட்டில் ‘ப’ போல் வளைந்த மெல்லிய கம்பி ஒன்று ஒரு சிறு பள்ளத்தில் ஓடும். அதைக் குறடால் இழுத்து எடுத்துவிட்டால் பட்டன் நிற்காமல் திரும்பும். ஸ்பிரிங் தெறிக்காமல் விரலால் மூடிக்கொண்டு இழுங்கள். ஸ்விட்சில் பழைய மின்வயர் எதுவும் மிச்சமிருக்கக் கூடாது. போர்டின் முன்பக்க இணைப்பில் பவர் பட்டன் 6, 8 எண் முள்கள், ரீசெட் 5, 7, பவர் எல்இடி 2, 4, டிஸ்க் எல்இடி 1, 3. பத்தாவது முள் இருக்காது, அதை வைத்துத் திசையைக் கண்டுகொள்ளலாம். முன்பக்க யுஎஸ்பி வாய் வைப்பவர்கள் ஐந்து வோல்ட்டையும் கிரவுண்டையும் மாற்றிப் போட்டுவிட்டால் முதலில் செருகும் பென்டிரைவ் போய்விடும். செருகும் முன் மீட்டரில் பாருங்கள்.

கேசட் டெக்கின் ஊசி மீட்டர் கிடைத்தால் அதைச் சிபியு சுமை காட்டவைக்கலாம். அலங்காரமாக இருந்தாலும் பயனுள்ள அலங்காரம். அந்த மீட்டர்கள் பெரும்பாலும் சில நூறு மைக்ரோஆம்பியரில் முழுக்கோடிக்குப் போகும். நிரல் எழுதி இயக்கும் சிறு போர்டான ஆர்டுவினோவின், மின்சாரத்தைத் துடிப்புகளாகத் தரும் பிடபிள்யூஎம் முனையிலிருந்து 5 வோல்ட்டை நேரடியாகக் கொடுத்தால் ஊசி வளைந்துவிடும், சுருளும் எரியலாம். 100 கிலோ ஓம் ரெசிஸ்டரில் தொடங்கிப் படிப்படியாகக் குறையுங்கள். 500 மைக்ரோஆம்பியர் மீட்டராக இருந்தால் 10 கிலோ ஓம் அருகே ஊசி கடைசிக் கோட்டைத் தொடும். விநாடிக்கு ஐந்து முறை சுமையை 0 முதல் 255 வரையான எண்ணாக யுஎஸ்பி வழியே அனுப்பும் பத்துப் பதினைந்து வரி நிரல் போதும். ஊசியின் மந்தமே துடிப்பைச் சமன் செய்துவிடும்.

காற்றோட்டத்தில் வெளிநாட்டுக் கையேடுகளை அப்படியே நம்பக் கூடாது. அவை பெரும்பாலும் 20, 22 டிகிரி அறையை மனதில் வைத்து எழுதியவை. ஏசி போடாத நம் அறை பகலில் 30, 31 டிகிரி. அங்கே 70-ல் நிற்கும் சிபியு இங்கே 80-ஐத் தொடும். அடித்தட்டில் 120 மி.மீ. விசிறி ஒன்று உள்ளிழுக்க, பின்சுவரில் ஒன்று வெளியே தள்ள, இரண்டு இருந்தால்தான் நிம்மதி. 120 மி.மீ. விசிறியின் திருகுத் துளைகள் 105 மி.மீ. இடைவெளி, 92-க்கு 82.5, 80-க்கு 71.5.

பழைய விசிறியை எடுப்பதானால் முதலில் ஒட்டியிருக்கும் லேபிளைப் படியுங்கள். பிரிண்டர் விசிறிகளில் 24 வோல்ட் வகை நிறைய. அதை 12-ல் ஓட்டினால் சில மெதுவாக, சத்தமின்றிச் சுற்றும், சில கிளம்பவே கிளம்பாது. சுவிட்சைப் பத்து முறை போட்டு அணைத்து, ஒவ்வொரு முறையும் தானாகக் கிளம்பினால் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். மதர்போர்டு இணைப்பு ஒன்று பொதுவாக ஒரு ஆம்பியர்தான் தரும். சர்வரிலிருந்து எடுத்த 40 மி.மீ. விசிறிகள் அதைத் தாண்டலாம், சத்தமும் தாங்காது. விசிறியைக் காதருகே வைத்துச் சுண்டிவிடும்போது மணல் உராய்வது போல் கேட்டால் பேரிங் முடிந்தது.

எல்லாம் மாட்டி மூடியதும் ஊதுபத்தி ஒன்றைக் கொளுத்தி, மேல்மூடிப் பிளவுகள், பக்க ஓட்டைகள், அடித்தட்டு விளிம்பு என்று ஒவ்வோர் இடமாக வெளியே பிடியுங்கள். புகை எங்கே உள்ளே போகிறது, எங்கே தள்ளப்படுகிறது என்று கண்ணுக்குத் தெரியும். பின்விசிறி தள்ளிய புகை உடனே பக்கத்துப் பழைய ஸ்பீக்கர் ஓட்டை வழியாக மறுபடி உள்ளே போவதைப் பலமுறை காணலாம். சூடான காற்றே சுற்றிச் சுற்றி வருகிறது என்று பொருள். அந்த ஓட்டைகளை உள்பக்கமிருந்து தகடு வைத்து மூட வேண்டும். மூடுவதில் இன்னொரு பயன், பல்லியும் கரப்பானும் நுழையாது. திறந்து விட வேண்டிய இடத்தில் நுண்ணிய கம்பிவலை வையுங்கள்.

பிறகு அரை மணி நேரம் முழுச் சுமையில், மேல்மூடியைத் திறந்து வைத்து ஒருமுறை, மூடிவைத்து ஒருமுறை ஓட்டிச் சிபியு வெப்பத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் வித்தியாசம் 5 டிகிரிக்குள் என்றால் நல்ல கேஸ். 10-ஐத் தாண்டினால் உள்ளே காற்று வரும் வழி போதவில்லை. விசிறி வேகத்தைக் கூட்டுவதற்கு முன் திறப்பைப் பெரிதாக்குங்கள்.

மேல்மூடியில் ஜன்னல் வேண்டுமா? பழைய எல்சிடி மானிட்டரின் திரைக்குப் பின்னால் தெளிந்த அக்ரிலிக் பலகை ஒன்று இருக்கும், பழையவற்றில் 6 முதல் 10 மி.மீ. தடிப்பு. கடையில் இந்தத் தடிப்பில் வாங்க நல்ல காசு. ஒரு பக்கத்தில் அச்சிட்ட வெண்புள்ளிகள் இருக்கும், ஓரத்தில் எல்இடி வைத்தால் பலகை முழுக்க ஒளிரும். துளையிடும்போது அடியில் மரக்கட்டை வைத்து, மெதுவான வேகத்தில், திருகைவிட அரை மி.மீ. பெரிதாகத் துளையுங்கள். உலோகத்துக்கான கூர் பிட் அக்ரிலிக்கைக் கவ்வி இழுத்து விரிசல் விடும், முனையின் கூரைச் சற்று மழுக்கிக்கொண்டால் சுரண்டி இறங்கும். வெட்டிய விளிம்பை ஆல்கஹால் தொட்டுத் துடைக்காதீர்கள். சிலந்திவலை போல் நுண்விரிசல் பரவிவிடும், அதைப் போக்க வழியில்லை. சோப்புத் தண்ணீர் போதும்.

பழைய மதர்போர்டுகளையே பக்கச் சுவராகப் பதிப்பதும் உண்டு. 305-க்கு 244 மி.மீ. ஏடிஎக்ஸ் போர்டு ஒன்று ஒரு பக்கத்தை ஏறக்குறைய நிரப்பிவிடும். நாணய வடிவ பேட்டரியை முதலில் கழற்றுங்கள். பின்புறச் சால்டர் முனைகள் உள்ளே எதையும் தொடாதபடி நடுவே காப்புத்தாள் வைத்து ஒட்டுங்கள். வெட்டும்போது கிளம்பும் கண்ணாடியிழைத் தூள் நுரையீரலுக்குக் கெடுதல். தண்ணீர் தெளித்துக்கொண்டே, முகக்கவசம் போட்டு, கையால் அறுங்கள். சுழல் கருவி வேண்டாம். ஐரோப்பா 2006 ஜூலையில் ஈயத்துக்குக் கட்டுப்பாடு கொண்டுவந்ததற்கு முந்தைய போர்டுகளில் சால்டரில் ஈயம் இருக்கும். வீட்டில் சிறு பிள்ளைகள் தொடும் உயரம் என்றால் தெளிந்த வார்னிஷ் இரண்டு பூச்சு கொடுங்கள், கொடுக்க முடியாவிட்டால் அந்த அலங்காரமே வேண்டாம்.

கேஸ் தகட்டுக்குத் துத்தநாகப் பூச்சு உண்டு. நாம் அறுத்த விளிம்பில் அது இல்லை. நம் ஊர் ஈரப்பதத்தில் சில வாரத்திலேயே அந்த விளிம்பு துருப்பிடித்துப் பழுப்புக்கோடு விழும். துத்தநாகம் கலந்த பிரைமரை ஒரு சிறு தூரிகையால் விளிம்பில் மட்டும் தடவுங்கள். மழை பெய்துகொண்டிருக்கும்போது பூசினால் பூச்சு வெளுத்துப் பொடியும், காய்ந்த காலை நேரமாகப் பார்த்துச் செய்யுங்கள். எர்த்துக்காகச் சுரண்டிய இடங்களில் மட்டும் பூச்சு படக்கூடாது. அங்கே வாஷரை இறுக்கிய பிறகு மேலே மெல்லியதாக வாஸ்லின் தடவினால் போதும்.

வேலை முடிந்ததும் மிச்சம் நிறைய இருக்கும். டிரான்ஸ்ஃபார்மரில் செம்பும் இரும்பும் இருப்பதால் கரங் கூனிக்காரர் மகிழ்ச்சியோடு எடுத்துக்கொள்வார், தகட்டுத் துண்டுகளையும் அப்படியே. போர்டுகளையும் பேட்டரிகளையும் குப்பைச் சரிவில் போடாதீர்கள். அங்கே போட்டது எரியூட்டு ஆலைக்குப் போகும், அதன் சாம்பல் குப்பை நிரப்பும் செமாக்காவ் தீவுக்குப் போகும், அதிலுள்ள கன உலோகங்களும் கூடவே போகும். மின்கழிவுத் தொட்டியின் முகப்பில் என்னென்ன ஏற்கிறார்கள் என்று படங்களோடு போட்டிருப்பார்கள். அதைப் படித்துவிட்டு, பேட்டரியின் இரு முனைகளிலும் டேப் ஒட்டி, உரிய வாயில் போடுங்கள்.